கிரகணம் விட்டபின் ஒரு பள்ளம்

கிரகணத்தன்று குளிப்பவர்களைக் கேலி பண்ணுவது அந்த வயதில் எனக்கு ஒரு பொழுதுபோக்கு. அப்படிப்பட்ட என் கையில் தர்ப்பைக் கட்டுகளைக் கொடுத்து, செம்பூரில் ஒரு காலனி முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கச் சொன்னார்கள். சொன்னவர் புரோகிதர் அல்ல. பௌதிகத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, ஆகாசத்துக்கு ரேடியோ அலை அனுப்பி, அது திரும்பி வருவதை அளந்துகொண்டிருந்தவர்; என் மேலதிகாரி. எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கே வேலையை விட்டிருப்பேன். நல்லவேளை, விடவில்லை.

இது நடந்தது அறுபதுகளின் நடுவில். நான் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, மாதுங்காவில் வீட்டோடு உட்கார்ந்து, பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கொடுமையிலிருந்து தப்பிக்கக் கிடைத்ததுதான் இந்த உத்தியோகம். காலையில் மாதுங்காவில் ரயிலேறிக் குர்லாவில் மாறிச் செம்பூரில் இறங்க வேண்டும். அணுசக்தி நகர் பஸ்கள் போகிற சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, ஓடு போட்ட ஒரு கட்டடம். பக்கத்தில் உயரமான இரண்டு கம்பங்கள், நடுவே கம்பி. இவ்வளவுதான் எங்கள் நிலையம். முதல் நாள் என்னைக் கொண்டுவிட வந்த அப்பா, "இதுவா ஆராய்ச்சி? துணி உலர்த்தற இடம் மாதிரின்னா இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

தலைமை ஏற்று நடத்தியவர் எங்கள் தெருக்காரர். தெருவில் எல்லோருக்கும் அவர் மாமி. கணவர் ரயில்வே ஆபீஸில் வேலை பார்த்த சாதுவான மனிதர். ஆபீஸில் மட்டும் மேடம் என்று கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே எனக்கு உத்தரவாயிற்று. என் வாயில் மாமிதான் வந்தது. இரண்டு தடவை திருத்திப் பார்த்துவிட்டு, "சரி, உனக்கு நாக்கு வளையாது. மாமின்னே சொல்லித் தொலை" என்று விட்டுவிட்டார். இங்கேயும் அப்படியே எழுதிவிடுகிறேன்.

என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நம் தலைக்கு மேலே, காற்று மெலிந்துபோன உயரத்தில், வெயில் பட்டு மின்சாரம் ஏறிய அடுக்குகள் இருக்கின்றன. அயனமண்டலம் என்று பெயர். கீழேயிருந்து ரேடியோ அலையை அனுப்பினால் அதில் மோதித் திரும்பி வரும். கடல் தாண்டி எங்கோ பாடுகிற பாட்டு நம் வீட்டு ரேடியோவில் கேட்பது இதனால்தான். பகலில் அந்த அடுக்குகளில் கீழே இருப்பது, போகிற அலையைக் கொஞ்சம் விழுங்கிவிடும். வெயில் தணிந்தால் விழுங்குவதும் குறையும், எதிரொலி பலமாக வரும். எதிரொலி எவ்வளவு பலமாக வருகிறது என்பதை ஒரு பேனா ஓடுகிற காகிதத்தில் கோடாகப் போட்டுக்கொண்டே இருக்கும். பலம் கூடினால் கோடு மேலே ஏறும், குறைந்தால் கீழே இறங்கும். அதையும், இன்னொரு கருவி எடுத்துத் தரும் பிலிம்களையும் லென்ஸ் வைத்து அளந்து எழுதுவதுதான் என்னையும் சேர்த்து அங்கிருந்த உதவியாளர்களின் பிழைப்பு.

மாமி படித்த காலத்தில் பௌதிக வகுப்பில் அவர் ஒருத்திதான் பெண். வாத்தியார் வந்த பிறகு அவர் பின்னாலேயே உள்ளே போய், பாடம் முடிந்ததும் அவர் பின்னாலேயே வெளியே வந்துவிட வேண்டுமாம். ஆராய்ச்சிக்கு இடம் கேட்டபோது பெரிய மனிதர் ஒருவர், "தாவரவியலுக்குப் போயேம்மா, பூ, செடின்னா பெண்களுக்குப் பிடிக்குமே" என்றாராம். "எனக்குப் பூவே பிடிக்காது சார்" என்று மாமி சொன்னாராம். பொய்! தினமும் மாதுங்கா மார்க்கெட்டில் மல்லிகைப்பூவுக்கு வாய் ஓயாமல் பேரம் பேசுகிறவர் அவர்.

யுத்தம் முடிந்து ராணுவம் கழித்துப் போட்ட ரேடியோ சாமான்கள் அப்போது சோர் பஜார் பழைய சாமான் கடைகளில் மலையாகக் கிடந்தன. அவற்றில் பொறுக்கித்தான் தன்னுடைய முதல் டிரான்ஸ்மிட்டரையும் ரிசீவரையும் அவர் கட்டினார். கண்ணாடி வால்வுகளைப் பழைய புடவையில் சுற்றிக் கறிகாய்ப் பையில் வைத்து, ரயிலில் லேடீஸ் டப்பாவில் மடியில் வைத்துக்கொண்டு வருவாராம். "உடையற சாமான், இடிக்காதீங்கோ" என்று சொன்னால் போதும், முட்டையோ என்று நினைத்துப் பக்கத்தில் இருக்கிற நம்மவர்கள் எழுந்து ஓடிவிடுவார்கள். "நன்னா காலை நீட்டிண்டு வரலாம்" என்று மாமி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அந்தக் கருவிகளை வைக்க இடம் கொடுத்தது மாதுங்காவில் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடி. மூங்கில் கட்டி ஏரியல் இழுத்திருந்தார்கள். ஒருநாள் மூன்றாம் மாடிக்காரி தன் ஒன்பது கஜத்தை அந்த ஏரியலில் உலர்த்திவிட்டாள். வேறு யாராயிருந்தாலும் ஓடிப்போய்ச் சண்டை போட்டிருப்பார்கள். மாமி, புடவை ஈரமாக இருக்கும்போது எதிரொலி எவ்வளவு குறைகிறது, காயக் காய எவ்வளவு கூடுகிறது என்று முழுக்க அளந்து வைத்துக்கொண்டு, அப்புறம் கீழே போய்ச் சண்டை போட்டார். இந்தக் கதையைக் கேட்ட அன்றைக்குத்தான் எனக்கு அவர்மேல் பைத்தியமே பிடித்தது. இன்றுவரை தெளியவில்லை.

அந்த மொட்டைமாடியில்தான் மாமிக்குப் பேர் வாங்கிக் கொடுத்த கண்டுபிடிப்பும் நடந்தது. ஐம்பதுகளில் வந்த ஒரு சூரிய கிரகணத்தின்போது இவர் எதிரொலியைப் பதிவு செய்துகொண்டிருந்தார். சூரியன் மறைய மறைய வெயில் குறைந்து கோடு மேலே ஏறியது. கிரகணம் விட்டதும் இறங்கிப் பழைய இடத்துக்கு வந்தது. இதெல்லாம் எல்லோரும் எதிர்பார்த்ததுதான். ஆனால் கோடு அதோடு நிற்கவில்லை. வழக்கமான இடத்துக்கும் கீழே சரிந்து, வெகுநேரம் பள்ளத்தில் கிடந்து, பிறகு மெல்ல மேலேறி நிலைக்கு வந்தது. நிழல் விலகியதும் அந்த அடுக்கு ஒரேயடியாகத் துள்ளி, வழக்கத்தைவிட அதிகமாக அலையை விழுங்கிவிட்டுப் பிறகு நிதானத்துக்கு வருகிறது என்று மாமி காரணம் கண்டு எழுதினார். அந்தக் கோடு வெளிநாட்டுப் புத்தகங்களில் எல்லாம் அச்சாயிற்று. செம்பூரில் அவருக்கு நிலையம் கிடைத்ததே அந்தப் பள்ளத்தால்தான்.

நான் சேர்ந்தபோது காலம் மாறிவிட்டிருந்தது. ராக்கெட்டை நேராக மேலே அனுப்பிப் பார்த்துவிடலாம் என்கிற பேச்சு வந்துவிட்டது. கீழே உட்கார்ந்துகொண்டு எதிரொலி கேட்கிறவர்களைப் பார்த்தால் மேலிடத்துக்கு இளக்காரம். செம்பூர் நிலையத்தை வைத்துக்கொள்வதா மூடுவதா என்று முடிவு செய்ய ஒரு கமிட்டி போட்டார்கள். மூடினால் கம்பத்தைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தை வேறு எதற்கோ கொடுத்துவிடுவார்கள். எங்களை ஆளுக்கொரு பக்கம் தூக்கிப் போடுவார்கள். மாமி பல வருஷமாக ஒரு மணி நேரம்கூட விடாமல் எடுத்துவந்த பதிவு அத்தோடு அறுந்துபோகும். மாமி எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை. அந்த மாதங்களில் அவர் பயந்திருந்தார்.

கமிட்டி கூடுவதற்குச் சில நாள் முன்னால், கோடை விடுமுறையில் ஒரு மத்தியானம், பம்பாயில் தெரிகிற மாதிரி ஒரு சூரிய கிரகணம் இருந்தது. முழுக் கிரகணம் இல்லை, ஓரமாக ஒரு கடி. மாமிக்கு அது போதும். "பத்து வருஷத்துக்கு முன்னாடி வந்த பள்ளம் திரும்பவும் வரட்டும். அதைக் கொண்டுபோய் அவா மேஜையில விரிச்சுடறேன். அப்புறம் எவன் மூடறான் பார்ப்போம்" என்றார்.

இதற்காக அலமாரிமேல் கிடந்த அந்தப் பழைய ரிசீவரை இறக்கித் துடைத்துப் பழுது பார்த்தார். பழைய கோடும் புதுக் கோடும் ஒரே கருவி போட்டதாக இருந்தால் யாரும் குறை சொல்ல முடியாதல்லவா? பழைய ரிசீவர் ஒரு காகிதத்திலும் புதியது இன்னொரு காகிதத்திலும் ஒரே நேரத்தில் எழுத வேண்டும் என்று ஏற்பாடு.

ஒரே இடைஞ்சல், எங்களுக்கு அடுத்தாற்போல் இருந்த காலனி. ஒவ்வொரு கட்டடத்துக்கும் மொட்டைமாடியில் ஒரு டாங்கி, கீழேயிருந்து தண்ணீர் ஏற்ற ஒரு பம்பு மோட்டார். மோட்டார் ஓடினால் அதன் பொறி எங்கள் புது ரிசீவரில் இரைச்சலாக விழும். பேனா முடி முடியாகக் கிறுக்கும். அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிடுவோம். கிரகணத்தின்போது கவலையில்லை. காலனியில் முக்கால்வாசி நம் ஜனங்கள். அடுப்பு கிடையாது, அரைப்பது கிடையாது, குழாயைத் திறப்பது கிடையாது. கிரகணம் விட்டதும்தான் ஆபத்து. ஒருவர் பாக்கியில்லாமல் தலைக்கு ஊற்றிக்கொள்வார்கள், டாங்கி காலியாகும், எல்லா மோட்டாரும் ஒன்றாக உறுமும். எங்களுக்கு வேண்டிய பள்ளமோ விட்ட பிறகுதான் வரும்.

"குளிக்காதேள்னு சொன்னா கேக்க மாட்டா. குளிக்கற ஜலத்தை முன்னாடியே பிடிச்சு வெச்சுக்கச் சொல்லணும்" என்றார் மாமி.

"கிரகணத்துல இருந்த ஜலம் தீட்டுன்னு கொட்டிடுவா மாமி" என்றேன்.

"தர்ப்பை போட்டா?"

தர்ப்பை போட்டு வைத்த பண்டத்துக்குக் கிரகணத் தீட்டு ஒட்டாது என்பார்கள்; அதைத்தான் சொல்கிறார் என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. மறுநாள் மாமி மாதுங்கா மார்க்கெட்டிலிருந்து இரண்டு பை நிறையத் தர்ப்பையோடு வந்து இறங்கினார். நான் எகிறிக் குதித்தேன். "நான் பி.எஸ்ஸி. படிச்சது வாசல் வாசலாத் தர்ப்பை கொடுக்கவா? விஞ்ஞானி நீங்களே இந்த மூடநம்பிக்கைக்குத் தூபம் போடலாமா?" என்று கத்தினேன்.

"கத்தி முடிச்சாச்சா? அந்தப் பையை நீ எடுத்துக்கோ, இது எனக்கு" என்றார் மாமி.

காலனியில் முதல் மாடிக்காரி ஒருத்தி இருந்தாள். அவள் தலையாட்டினால்தான் மற்றவர்கள் தலையாட்டுவார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "ஊறுகாய்க்கும் தயிருக்கும் தர்ப்பை போடறது எனக்கும் தெரியும். டிரம் நிறைய இருக்கற ஜலத்துக்கு எத்தனை போடறதாம்?" என்று மடக்கினாள்.

மாமி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "டிரம்முக்கு நாலு, பக்கெட்டுக்கு ரெண்டு" என்றார்.

"அப்படியா? சரி" என்று அவள் வாங்கிக்கொண்டாள். படியிறங்கும்போது, "இது எந்த சாஸ்திரத்துல இருக்கு?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். "என் சாஸ்திரத்துல" என்றார். எனக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு பையும் காலி.

மிச்சம் இருந்தது பம்பு சாவி வைத்திருந்த வாட்ச்மேன். தாராவியிலிருந்து வரும் திருநெல்வேலிக்காரர். மாமி விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எம்மா, நீங்க லேசாச் சொல்லிட்டிய. டாங்கியில தண்ணி இல்லன்னா என்னையத்தான வைவாவ? நாளைக்கும் நாந்தான இங்கன நிக்கணும்?"

"வையறவாளை என்கிட்ட அனுப்புப்பா."

"உங்ககிட்ட எவம்மா வருவா? எல்லாரும் என்கிட்டதான் வருவாவ." கொஞ்சம் யோசித்துவிட்டு, "கெரணம் விட்டு ஒரு மணி நேரம் மோட்டாரப் போடாமத் தாக்காட்டுதேன். அதுக்கு மேல ஒரு நிமிசம் நிக்க மாட்டேன், சொல்லிட்டேன்" என்றார்.

"அது போரும், மகராஜனா இரு" என்றார் மாமி.

கிரகணம் பிடித்த மத்தியானம் அந்தச் சாலையே அடங்கிப்போயிற்று. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. ஒரு தட்டு உருளும் சத்தம்கூட இல்லை. உள்ளே இரண்டு பேனாக்களும் ஓடிக்கொண்டிருந்தன. கோடு ஏறத் தொடங்கியது. இரண்டு காகிதத்திலும் ஒரே மாதிரி ஏறியது. கருப்புக் கண்ணாடி வழியாக ஒருவர் மாற்றி ஒருவர் போய்ச் சூரியனைப் பார்த்துவிட்டு வந்தோம். மாமி மட்டும் வாசல் பக்கமே போகவில்லை. சூரியனை அந்தக் காகிதத்திலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிரகணம் விட்டது. கோடு இறங்கி வந்தது. காலனியில் கதவுகள் திறக்கிற சத்தம், குவளைச் சத்தம், குழந்தைகள் அலறுகிற சத்தம் எல்லாம் கேட்டது. மோட்டார் சத்தம் இல்லை. எல்லோரும் டிரம்மிலிருந்து மொண்டு குளிக்கிறார்கள்! மாமி என் தோளைப் பிடித்துக்கொண்டார். கோடு பழைய இடத்துக்கு வந்தது. இனி பள்ளம்.

பள்ளம் வரவில்லை. கோடு நேராகப் போயிற்று. பழைய ரிசீவரிலும் நேர்கோடு, புதியதிலும் நேர்கோடு. மாமி இணைப்புகளைத் தொட்டுப் பார்த்தார். பேனாவில் மை பார்த்தார். ரிசீவரின் பக்கவாட்டில் லேசாக ஒரு தட்டுத் தட்டினார். கோடு தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. கமிட்டிக்கு எதைக் கொண்டுபோவது என்பது ஒன்றுதான் எனக்கு ஓடியது.

அப்போது வெளியே முதல் மோட்டார் உறுமியது. வாட்ச்மேன் சொன்ன சொல் தவறாதவர். ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது என்று எல்லாப் பம்பும் கிளம்பின. புது ரிசீவரின் பேனா முடி முடியாகக் கிறுக்கத் தொடங்கியது. பழைய ரிசீவரின் பேனா கிறுக்கவில்லை. அமைதியாக, வழுவழுவென்று, கீழே இறங்கியது. இறங்கிப் பள்ளத்தில் கிடந்தது. புத்தகங்களில் அச்சான அதே பள்ளம். மோட்டார்கள் ஒவ்வொன்றாக நின்றதும் மெல்ல மேலேறி நிலைக்கு வந்தது.

மாமி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பழைய ரிசீவருக்கு ஒரு குணம் உண்டு. எங்கிருந்தாவது இரைச்சல் வந்தால் தன் காதைத் தானே கொஞ்சம் பொத்திக்கொள்ளும். அப்போது எதிரொலியும் குறைந்துதான் கேட்கும். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும், கட்டிய மாமிக்குத் தெரியாதா? மாதுங்காவில் அந்த மொட்டைமாடியைச் சுற்றி எத்தனை கட்டடம், எத்தனை பம்பு! ஐம்பதுகளின் அந்தக் கிரகணத்தன்றும் எல்லாரும்தான் குளித்திருப்பார்கள்.

"வேற தேசத்துக்காரன் எவனாவது அன்னிக்கு என் பக்கத்துல இருந்திருந்தா, ஏன் எல்லா மோட்டாரும் ஒரே சமயத்துல ஓடறதுன்னு கேட்டிருப்பான்" என்றார் மாமி. "எனக்குக் கேக்கணும்னே தோணலை. கிரகணம் விட்டா குளிக்கறது. அதுல கேக்க என்ன இருக்கு? நானும் அன்னிக்குக் கீழ போய்க் குளிச்சுட்டுத்தான் வந்தேன். பேனா பாட்டுக்கு ஓடிண்டிருந்தது." பிறகு சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

மறுநாள் மாமியிடம் நான் ஒரு யோசனை சொன்னேன். "இந்தக் கிரகணம் சின்னது. ஓரமா ஒரு கடி. அதனால பள்ளம் வரலைன்னு சொல்லிடுங்கோ. பேப்பரை மோட்டார் போடறதுக்கு முன்னாடியே வெட்டிடலாம். ஒருத்தரும் கேக்க மாட்டா." இதை நான் சொன்னேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை. மூன்றாம் பேருக்கு ஒரு கெடுதலும் இல்லாமல் நிலையம் தப்பும் என்றால் ஏன் சொல்லக் கூடாது? இன்றைக்கும் எனக்குப் பாதி மனசு அந்தப் பக்கம்தான்.

மாமி கோபப்படவில்லை. மேஜையில் இருந்த பத்திரிகைகளில் ஒன்றை எடுத்துப் பிரித்து ஒரு பக்கத்தைக் காட்டினார். வேறு ஊரில் ஓர் ஆராய்ச்சியாளர் இரண்டு கிரகணங்களில் அந்தப் பள்ளத்தைத் தேடியிருக்கிறார். கிடைக்கவில்லை. தன் கருவிக்கு நுட்பம் போதாது என்று தன்னையே நொந்துகொண்டு எழுதியிருந்தார்.

"பாவம்டி. நல்ல மெஷினைத் திட்டிண்டு உக்காந்திருக்கார். இன்னொரு கிரகணத்துக்கு இன்னொருத்தி உக்காந்து தேடுவா. நம்ம ஊர் ஜனங்க குளிச்சதை ஊரெல்லாம் ஆகாசத்துல தேடறது. நான் சும்மா இருக்கட்டுமா?"

"அப்போ நிலையம்?" என்று நான் கத்தினேன். மாமி காகிதங்களைச் சுருட்டத் தொடங்கினார்.

கமிட்டி கோட்டைப் பகுதியில் ஒரு பெரிய ஆபீஸில் கூடியது. காகிதச் சுருள்களைப் பிடித்துக்கொள்ள என்னையும் உள்ளே அழைத்துப் போனார் மாமி. நீண்ட மேஜை, சுற்றி கோட்டு போட்டவர்கள். மாமி ஐம்பதுகளின் காகிதத்தையும் புதிய காகிதத்தையும் பக்கம் பக்கமாக விரித்தார். மோட்டார் ஓடிய பகுதியை வெட்டவில்லை. அதன்மேல்தான் விரலை வைத்தார். தான் பத்து வருஷத்துக்கு முன்னால் எழுதியது தப்பு, அந்தப் பள்ளம் ஆகாசத்தில் நடந்தது அல்ல, மாதுங்காவில் ஜனங்கள் குளித்தது என்று நிதானமாக ஆங்கிலத்தில் சொன்னார். ஒருவர் சிரித்தார். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். என் கையில் இருந்த சுருளால் அவர்கள் மண்டையில் ஒவ்வொன்றாகப் போடலாம் போல எனக்குக் கொதித்தது. மாமி அவர்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "இது இல்லாத மிச்சக் கோடு முழுக்கச் சுத்தம். அதை நம்பலாம்" என்றார்.

எங்களை வெளியே இருக்கச் சொன்னார்கள். வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மாமி கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். திரும்பக் கூப்பிட்டதும் கமிட்டித் தலைவர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். நிலையம் தொடரும், இந்தக் கிரகணப் பதிவு மாதிரி சுத்தமானது வேறெங்கும் இல்லை. ஆனால் இவ்வளவு பெரிய பிழைக்குப் பிறகு தலைமையை மாற்றாமல் முடியாது. ராக்கெட் பிரிவிலிருந்து ஓர் இளைஞர் வருவார். மாமி விரும்பினால் அங்கேயே வேறு பொறுப்பில் இருக்கலாம், இல்லையென்றால் கௌரவமாக விலகிக்கொள்ளலாம்.

மாமி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பதிவு நடுவுல நிக்காதே?"

நிற்காது என்றார் தலைவர். மாமி அவருக்கு நன்றி சொல்லிவிட்டுச் சுருள்களை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

திரும்பும் ரயிலில் நான் அழுதேன். வாய்க்கு வந்ததைச் சொல்லி அந்தக் கமிட்டியைத் திட்டினேன். "வாயை மூடிண்டு இருந்திருந்தா நாற்காலி தங்கியிருக்குமே" என்று மாமியையும் சேர்த்துத் திட்டினேன். மாமி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். மாதுங்காவில் இறங்கியதும், "நாளைக்கு லீவு கீவு போட்டுடாதே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவரே வர மாட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

மறுநாள் காலையில் நாங்கள் உதவியாளர்கள் எங்கள் அறையில் பிலிம்களைப் பிரித்துக்கொண்டிருந்தோம். மாமி கைப்பையோடு உள்ளே வந்தார். பழக்கத்தில் எல்லோரும் எழுந்து நின்றோம். "என்னத்துக்கு எழுந்துக்கறேள்? உக்காருங்கோ" என்றார். தன் அறைப் பக்கம் திரும்பக்கூட இல்லை. நேராக என் பெஞ்சுக்கு வந்து, "தள்ளிக்கோடி, எனக்கு வெளிச்சம் வேணும்" என்று ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார். லென்ஸை எடுத்துத் துடைத்தார். ஒரு பிலிமை விளக்குப் பெட்டிமேல் வைத்து அளக்கத் தொடங்கினார். எங்கள் எல்லோரையும்போல.

எங்கள் அறையில், ஒருவர் அளந்ததைப் பக்கத்தில் இருப்பவர் மறுபடி அளந்து பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட வேண்டும். மாமி முதல் பிலிமை முடித்துவிட்டுத் தாளை என் பக்கம் நகர்த்தினார். அவர் அளந்ததை நான் சரிபார்ப்பதா? அளந்தேன். ஓரிடத்தில் எனக்கு வேறு எண் வந்தது. மறுபடி அளந்தேன். அப்படியேதான் வந்தது. எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "மாமி, இது..." என்று விரலை மட்டும் வைத்தேன்.

"எங்கே?" என்று குனிந்து பார்த்தார். லென்ஸை வைத்து நன்றாகவே பார்த்தார். "ஆமாம், தப்புதான்" என்று அடித்துவிட்டுச் சரியானதை எழுதிக் கொடுத்தார். பிறகு அடுத்த பிலிமை எடுத்தார்.